பெங்களூரில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபடி தினமும் நடப்பது எப்படி: வாரத்துக்கு ஒரு கிராஸ்

2020 மார்ச்சில் லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய் வரவே தினமும் மூன்று மணி நேரம் போய்க்கொண்டிருந்தது, அது அப்படியே கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். நான்கு வருடம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 6.1. இந்த எண் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். டாக்டர் மாத்திரை எழுதவில்லை, "தினமும் நடங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

நடக்க வேண்டும் என்று தெரியாதவர் யார்? தினமும் நடப்பதுதான் எனக்கு வரவில்லை. காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் இரண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. நான்காவது முறை பிடித்துக்கொண்டது. முந்தைய மூன்று முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், யாருக்காவது அந்த மூன்று தோல்விகள் மிச்சமாகட்டும்.

ஆபீசுக்குப் போன காலத்தில் நான் வாக்கிங் போனதே இல்லை. ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை எட்டு நிமிடம், அங்கே இறங்கி கேட்டிலிருந்து எங்கள் பில்டிங் வரை ஆறு நிமிடம், கேன்டீனுக்கு ஒரு நடை, டீக்கு ஒரு நடை, மூன்றாவது மாடி மீட்டிங் ரூமுக்கு ஏறி இறங்குவது, சாயங்காலம் மறுபடி அதே வழி. இதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை. வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த நடை அது. வீட்டிலிருந்து வேலை என்றதும் அது போயிற்று, கூடவே வேலை எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று உடம்புக்குச் சொன்ன போக்குவரத்தும் போயிற்று. இப்போது கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே பன்னிரண்டு அடி.

ஆகவே உடற்பயிற்சிக்கென்று புதிதாக ஒரு நேரத்தைத் தேடாதீர்கள். போன போக்குவரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலையில் வீட்டிலிருந்து ஆபீசுக்குக் கிளம்பி, தெருவைச் சுற்றி நடந்து, அதே வீட்டுக்குள் வந்து மேசையில் உட்காருங்கள். சாயங்காலம் ஆபீசிலிருந்து அதே மாதிரி வீட்டுக்குத் திரும்புங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கு வேலை செய்தது இதுதான்.

முதல் வாரம் எண்ணிப் பார்க்க மட்டும்

முதல் ஏழு நாள் எதையும் மாற்ற வேண்டாம். போன் பாக்கெட்டிலோ இடுப்பிலோ இருக்கட்டும், மேசை மேல் கிடந்தால் அது எதையும் எண்ணாது. சுடிதாரில் பாக்கெட் இல்லாதவர்கள் சின்னப் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது கையில் கட்டும் பேண்ட் வாங்கலாம். ராத்திரி படுக்கும் முன் அன்றைய எண்ணை எழுதி வையுங்கள். என் முதல் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் 1,500ஐ ஒட்டியே இருந்தன, ஒரு புதன்கிழமை 900கூட வரவில்லை. அன்றைக்குக் காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பது வரை சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, சாப்பாடுகூட மேசையிலேயே.

எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் பத்தாயிரம் ஞாபகம் வரும். அந்த இலக்கு எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறக்கவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் மன்போகெய், பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள். பெயர் நன்றாக இருந்தது, உலகமெல்லாம் பரவிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது, 7,500ஐ ஒட்டிப் போனதும் அதற்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்களின் சராசரி வயது 72, அதனால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் 1,500இல் இருப்பவருக்கு முதல் மூன்றாயிரம் அடிதான் முக்கியம் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நிமிடக் கணக்கு பிடிக்கிறவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ச்சியாகச் செய்தால்தான் சேரும் என்று முன்பு சொல்லியிருந்ததை அப்போது எடுத்துவிட்டார்கள், ஆகவே நான்கு நிமிடம் நடந்தாலும் சேரும். மிதமான வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. எண்ணத் தேவையில்லை, பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

எதனோடு முடிச்சுப் போடுவது

இங்கேதான் என் பழைய மூன்று முயற்சிகளும் உடைந்தன. "காலை ஐந்து மணிக்கு" என்பது கடிகாரத்தோடு போட்ட முடிச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு ஆபீஸ் போன் பேசி முடித்துப் படுப்பவருக்கு ஐந்து மணி நிலைக்காது. எந்த நாளும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட வேண்டும்.

என் மகளின் ஸ்கூல் பஸ் ஏழு இருபதுக்குத் தெருமுனைக்கு வரும். நான் நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு போய் ஏற்றிவிட்டு, கையை ஆட்டிவிட்டு, திரும்பி வந்துவிடுவேன். வெளியே வந்தாயிற்று, தெருவில் நிற்கிறேன், பகல் முழுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்கப்போவதில்லை, ஆனால் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஒரு திங்கட்கிழமை சுடிதார் போட்டு, ஷூவின் லேஸைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பஸ் நகர்ந்ததும் அது போன திசையிலேயே நடந்தேன். அவ்வளவுதான், அங்கே ஆரம்பித்தது. உடையையும் செருப்பையும் மாற்றியதுதான் பாதி வேலை என்று இன்றைக்கும் நம்புகிறேன், நைட்டியில் தெருமுனையைத் தாண்ட மனம் வராது.

உங்களுக்கு ஸ்கூல் பஸ் இல்லாமல் இருக்கலாம். பால் பாக்கெட் வாங்கப் போவது, டிபன் சாப்பிட்டுக் கை கழுவுவது, குப்பை வண்டி மணியடித்ததும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்குவது, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பிஜியில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கியிருப்பவர்கள் காலை டிபனை அறையில் சாப்பிடாமல் பத்து நிமிடம் தள்ளியிருக்கிற தர்ஷிணி ஓட்டலுக்கு நடந்து போய் நின்றபடி சாப்பிட்டு வரலாம். ஏற்கெனவே கதவைத் திறந்து வெளியே கால் வைக்கிற காரியமாக இருந்தால் நல்லது. வீட்டுக்குள்ளே முடிகிற காரியத்தோடு போட்ட முடிச்சு எனக்கு நிற்கவில்லை.

வாரத்துக்கு ஒரு கிராஸ்

பெங்களூரில் ஒரு வசதி உண்டு. இந்திராநகர், ஜயநகர், ஹெச்எஸ்ஆர் மாதிரி லேஅவுட்டுகளில் தெருக்களுக்கு எண் போட்டிருப்பார்கள், மெயின் ஒரு பக்கம் ஓடும், கிராஸ் அதைக் குறுக்கே வெட்டும். நான் அல்சூரின் சந்துகளைத் தாண்டி இந்திராநகர்ப் பக்கம் போய்விடுவேன். எண்ணிப் பார்த்த வாரம் முடிந்து, நடக்க ஆரம்பித்த முதல் வாரம் முதல் கிராஸ் வரை போய்த் திரும்பினேன், இரண்டாவது வாரம் இரண்டாவது கிராஸ் வரை. எங்கள் பக்கத்தில் ஒரு கிராஸுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை நிமிட நடை இருக்கும், போக வர மூன்று நிமிடம். முதல் வாரம் மொத்தம் பத்து நிமிடம்தான் நடந்தேன். பன்னிரண்டாவது வாரம் நாற்பது நிமிடத்தைத் தாண்டிவிட்டது, எந்த வாரமும் பாரமாகத் தெரியவில்லை.

முதல் வாரத்தில் இன்னும் போகலாம் என்று ஆசை வரும். போகாதீர்கள். ஐந்து வருடமாக நாற்காலியில் இருந்த குதிகாலுக்கும் முட்டிக்கும் பழக நாள் வேண்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலித்தால் அளவு கூடிப்போயிற்று என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் பழைய கிராஸுக்கே திரும்புங்கள். குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர எடுத்த நாட்கள் 18 முதல் 254 வரை ஆளுக்கு ஆள் மாறின, நடுத்தரமாக 66. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி அதிக நாள் எடுத்தது. எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் பஸ் போன பிறகு எதையோ யோசித்தபடி நடந்து மூன்றாவது கிராஸில் நிற்கும்போதுதான், இன்றைக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று யோசிக்கவே இல்லையே என்று உறைத்தது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வீட்டுக்கு

காலை நடை நிலைத்த பிறகு, ஆறேழு வாரம் கழித்து, இதை ஆரம்பியுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் இரண்டும் போகும்.

மாலை நடைக்கு நான் போட்ட முடிச்சு அம்மா. வாணியம்பாடியிலிருந்து தினமும் ஆறரைக்குக் கூப்பிடுவார், முன்பெல்லாம் மெயில் பார்த்தபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது போன் அடித்ததும் லேப்டாப் மூடியைச் சாத்தி, ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறேன். முதல் நாள் அம்மா, "எங்கடி போய்க்கிட்டிருக்க, மூச்சு வாங்குது?" என்றார். "ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கேம்மா" என்றேன். அவர் பேசி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை போய்த் திரும்பச் சரியாக இருக்கிறது. 1991இல் தயாராகி, பதினெட்டு வருடம் துணி சுற்றிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை அது. அங்கே போய்த் திரும்பும்போது மனதிலிருந்து வேலை இறங்கியிருக்கும். இதை நான் எதிர்பார்க்கவில்லை, காலை நடையைவிட இப்போது எனக்கு இதுதான் பிடிக்கிறது.

மெயின் ரோட்டில் மட்டும் மாலையில் நடக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வரை வண்டிப் புகை, ஹாரன், நடைபாதை மேலேயே ஏறி வருகிற ஸ்கூட்டர்கள். உள் தெருக்களில் போங்கள், புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் இருக்கிற தெருவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மதியம் இரண்டு முதல் பதினொன்று என்றால் ஒன்றரைக்குக் கிளம்புகிற நடைதான் ஆபீஸ் போகிற நடை. வேலை முடிந்த பிறகு தெருவில் இறங்க முடியாதவர்கள், முக்கியமாகத் தனியாக இருக்கிற பெண்கள், மொட்டை மாடியிலோ அபார்ட்மெண்ட் காம்பவுண்டுக்குள்ளோ நடக்கலாம். மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தால் சுமார் ஆயிரம் அடி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றுகிற திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுப்பகலும் சாப்பாட்டுக்குப் பிறகும்

பேசாமல் கேட்கிற மீட்டிங் வாரத்தில் நான்கைந்தாவது இருக்கும். ஸ்கிரீனைப் பார்க்கத் தேவையில்லாத மீட்டிங்கா என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, ஹாலிலும் மாடியிலும் நடந்தபடி கேளுங்கள். ரோட்டில் நடந்துகொண்டு வேண்டாம், காதில் ஹெட்செட்டோடு பெங்களூர் ரோட்டைக் கடப்பது ஆபத்து. மாலையில் அம்மாவோடு பேசும்போதும் நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறேன்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் என்பதைச் சர்க்கரை பயம் உள்ளவர்கள் கட்டாயம் முயற்சி செய்யுங்கள். நியூசிலாந்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளை வைத்து செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தடவை முப்பது நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அது 22 சதவீதம். சாப்பிட்டதும் சோபாவில் உட்கார்வதுதான் நம் வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டு நானும் என் கணவரும் மொட்டை மாடிக்குப் போகிறோம். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையை இறக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடை கூடினால் சர்க்கரை ரொம்பக் கீழே போக வாய்ப்புண்டு, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பாதை, மழை, நாய்

ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் அதிலேயே நடங்கள். சாக்கடை மேல் போட்ட கல் எந்த இடத்தில் ஆடுகிறது, டிரான்ஸ்பார்மர் நடைபாதையை எங்கே மறைக்கிறது, எந்த வீட்டு முன் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும். தினமும் பாதையைத் தேர்ந்தெடுக்கிற வேலையும் இல்லை. பூங்காவோ ஏரியோ பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் பல இடங்களில் நடுப்பகலில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், நேரத்தை முதலில் பார்த்து வாருங்கள். வண்டி எடுத்துக்கொண்டு போய் நடக்க வேண்டிய இடத்தைத் தினசரிக்கு வைக்காதீர்கள். சாங்கி டேங்க், லால்பாக், வண்டிகளை உள்ளே விடாத ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க், இவையெல்லாம் விடுமுறை நாளுக்கு. லால்பாக் பாறை முன்னூறு கோடி வருடம் பழையது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏறிப் பாருங்கள்.

இந்த ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னை மாதிரி வெயிலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், ஏப்ரல் மதியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நடையைக் கெடுப்பது மழைதான். மே மாதத்தில் இடியோடு வருகிற சாயங்கால மழை, அப்புறம் ஜூன் முதல் அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும். தூறல் என்றால் குடையோடு போகிறேன். தெருவில் தண்ணீர் ஓடினால் இறங்குவதே இல்லை, திறந்த சாக்கடையும் அறுந்த கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குப் படிக்கட்டு. 1953இல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாம் எல்லோரும் அந்த டிரைவர் சீட்டில்தான் இருக்கிறோம். மூன்று மாடிக் கட்டடமாக இருந்தாலும் மழை நாளில் பத்து நிமிடம் ஏறி இறங்கலாம். முட்டி வலி இருப்பவர்கள் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வராந்தாவில் நடங்கள்.

நாய்கள் குரைத்தால் ஓடாதீர்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போய்விடுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

ஷூவுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம், வளைத்தால் முன்பாதத்தில் வளைகிற அடி, மழைக் கல்லில் வழுக்காத பிடிப்பு. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

வீட்டில் பேசி வைப்பது

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏழு இருபதிலிருந்து ஒன்பது வரை வீட்டில் எவ்வளவு வேலை என்று நமக்குத் தெரியும். குக்கர், மதியச் சமையல், துணி, அத்தைக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு முதல் மீட்டிங். ஏதாவது ஒன்று தாமதமானால் முதலில் விழுவது நம் நடைதான், யாரும் விழச் சொல்லாவிட்டாலும் நாமே விட்டுவிடுவோம். அதனால் பேசி வைக்க வேண்டும், ஜாடையாக இல்லை, நேராக. நான் கணவரிடம், "என்னங்க, ஏழு இருபதிலிருந்து எட்டு வரைக்கும் அடுப்பு உங்களோடது, நான் வீட்ல இல்லன்னு வெச்சுக்கோங்க" என்றேன். முதல் வாரம் இரண்டு நாள் சாம்பார் அடிப்பிடித்தது. அதற்காக நான் திரும்பி வரவில்லை. அத்தை ஆரம்பத்தில் எதுவும் சொல்லாமல் இருந்தார், இப்போது மழை வந்தால் குடையை எடுத்து நீட்டுவதே அவர்தான்.

ஆபீஸ் காலண்டரிலும் அந்த நேரத்தை அடைத்து வையுங்கள். மாலை ஆறரை முதல் ஏழு வரை என் காலண்டரில் "பயணம்" என்று இருக்கிறது. முன்பு ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபோது அந்த நேரத்தில் யாரும் மீட்டிங் வைக்கவில்லை, இப்போதும் வைக்க வேண்டியதில்லை.

விட்டுப்போன நாட்கள்

காய்ச்சல் வரும், ஊரில் கல்யாணம் வரும், ரிலீஸ் வாரம் வரும். லாலியின் ஆய்விலேயே ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கவில்லை. என் அனுபவத்தில் ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது, மூன்று நாள் தவறினால் நான்காம் நாள் காரணம் தானாக வந்து நிற்கும். அதனால் இரண்டாவது நாள் எப்படியாவது வெளியே இறங்கிவிடுகிறேன், கேட் வரை போய்த் திரும்பினாலும் சரி.

பத்துப் பதினைந்து நாள் நின்றுபோனால், விட்ட கிராஸிலிருந்து தொடர நினைக்காதீர்கள். போன தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் அங்கேயே தங்கிவிட்டேன். திரும்பி வந்து எட்டாவது கிராஸ் வரை ஒரே மூச்சில் போனதில் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, மேலும் நான்கு நாள் போயிற்று. நீங்கள் ஊரிலிருந்து வந்த முதல் திங்கட்கிழமை, பஸ் போனதும் முதல் கிராஸ் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். இந்தத் தடவை வாரத்துக்கு ஒரு கிராஸ் என்று காத்திருக்க வேண்டாம், பழகிய கால், இரண்டு நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம்.